ஹோம்ஸ்கூல் பிள்ளை அரசுப் பள்ளியில் ஏபி தேர்வு எழுத: ஆகஸ்ட் முதல் ஜூலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பதிந்து, மையத்தைத் தேர்ந்தெடுத்து, பணத்தையும் கட்டிவிடலாம். பள்ளிப் பருவத்திலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏபிக்கு அந்த வழி கிடையாது. வினாத்தாளைத் தயாரிப்பதும் மதிப்பெண் போடுவதும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு. ஆனால் தேர்வை நடத்துவது பள்ளிகள்தான். ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கென்று ஒருவர் இருப்பார், ஏபி கோஆர்டினேட்டர் என்று பெயர். தேர்வை ஆர்டர் செய்வது, பணம் வாங்குவது, அறை ஒதுக்குவது எல்லாம் அவர் கையில். அமெரிக்காவில் வீட்டிலேயே படிக்கும் உங்கள் பிள்ளைக்கு மே மாதத்தில் ஒரு நாற்காலி கிடைக்குமா என்பது முந்தைய செப்டம்பரில் அவர் உங்கள் மின்னஞ்சலுக்கு என்ன பதில் எழுதினார் என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஆகஸ்டில் புத்தகம் வாங்கி, மாதக்கணக்கில் படித்து, பிப்ரவரியில்தான் "எங்கே எழுதுவது?" என்று தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் முதன்மைக் கெடு முடிந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் இடம் பிடிப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். படிப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எதற்காக எழுதவேண்டும்

ஏபி பாடத்தைப் பள்ளியில் எடுத்தவர்கள்தான் தேர்வு எழுதலாம் என்றொரு எண்ணம் நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. அது தவறு. யாரும் எழுதலாம், எந்த வகுப்பிலும் எழுதலாம். வீட்டில் படித்தாலும், உள்ளூர் கூட்டுறவு வகுப்பில் படித்தாலும், தானே படித்தாலும் தேர்வு ஒன்றுதான். மதிப்பெண்ணும் அதே 1 முதல் 5 வரைதான்.

ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு இந்தத் தேர்வு கூடுதலாக ஒன்றைச் செய்கிறது. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது டிரான்ஸ்கிரிப்ட் எனும் மதிப்பெண் பட்டியலைத் தயாரிப்பது பெற்றோர். பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில், பள்ளி ஆலோசகரான கவுன்சலர் இடத்தில் கையெழுத்திடுவதும் பெற்றோர். அம்மாவே போட்ட 'ஏ' கிரேடைச் சேர்க்கைக் குழு எவ்வளவு நம்பும்? வெளியாள் ஒருவர் மதிப்பிட்ட இரண்டு மூன்று மதிப்பெண்கள் பக்கத்தில் இருந்தால் அந்த 'ஏ'வுக்குச் சாட்சி கிடைக்கிறது. அந்தச் சாட்சிக்கு இரண்டு மூன்று போதும் என்பது என் கருத்து. பத்து ஏபி எழுதும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து நாமும் பத்துக்கு ஓடினால், பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் காரணமே அடிபட்டுப்போகும்.

கலிபோர்னியாவில் இதற்கு எடை இன்னும் அதிகம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. அது கேட்கும் ஏ-ஜி பாடப் பட்டியலில் பல பாடங்களை, அங்கீகரிக்கப்பட்ட வகுப்பில் படிக்காவிட்டாலும், ஏபி தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் எடுத்து நிறைவு செய்யலாம். வீட்டிலேயே படித்த பிள்ளை அந்த வாசலுக்குள் நுழைய இருக்கும் சில வழிகளில் இது ஒன்று. சமுதாயக் கல்லூரிப் பாடங்கள் இன்னொன்று.

உங்கள் மாநிலம் என்ன சொல்கிறது

ஹோம்ஸ்கூலிங் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். ஆனால் அரசுப் பள்ளி உங்கள் பிள்ளையைத் தேர்வு எழுத அனுமதித்தாகவேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். காலேஜ் போர்டு பள்ளிகளைக் கேட்டுக்கொள்ளுமே தவிர, கட்டாயப்படுத்தாது. மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தினால்தான் உண்டு.

டெக்சாஸ் கட்டாயப்படுத்துகிறது. அந்த மாநிலக் கல்விச் சட்டத் தொகுப்பின் 29.916ஆம் பிரிவுப்படி, ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வையோ ஏபி தேர்வையோ நடத்தினால், அந்த டிஸ்ட்ரிக்டில் பள்ளி சேரத் தகுதியுள்ள ஹோம்ஸ்கூல் மாணவரையும் எழுத அனுமதிக்கவேண்டும். தன் மாணவரிடம் வாங்கும் அதே கட்டணத்தைத்தான் வாங்கவேண்டும். தேர்வுத் தேதி, பதிவு முறை ஆகியவற்றை ஹோம்ஸ்கூல் குடும்பங்களுக்கும் தெரியும்படி அறிவிக்கவேண்டும். இதில் இரண்டு வரம்புகளைக் கவனியுங்கள். ஒன்று, இது நீங்கள் குடியிருக்கும் டிஸ்ட்ரிக்டுக்கு மட்டும். பக்கத்து ஊர்ப் பள்ளி நன்றாக இருக்கிறது என்று அங்கே போய் உரிமை கேட்க முடியாது. இரண்டு, டிஸ்ட்ரிக்ட் நடத்தும் தேர்வுக்குத்தான் உரிமை. உங்கள் பிள்ளை ஒருவருக்காக லத்தீன் தேர்வை வரவழைக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

வர்ஜீனியாவும் அப்படித்தான். வீட்டுக்கல்விச் சட்டத்தின்கீழ் முறையாக அறிவித்துப் படிக்கும் மாணவர்களுக்கு ஏபி, பிஎஸ்ஏடி, ஏசிடி தேர்வுக்கு முன்னோட்டமான பிரிஏசிடி ஆகியவற்றை ஸ்கூல் போர்டு திறந்துவைக்கவேண்டும். பதிவுக் கெடுவை எழுத்துப்பூர்வமான கொள்கையாக வகுக்கவேண்டும். அதையும் வசதி குறைந்தவர்களுக்கான கட்டண உதவியையும் குடும்பங்களுக்குத் தெரிவிக்கவேண்டும். அங்கே ஆகஸ்ட் 15க்குள் தரவேண்டிய வீட்டுக்கல்வி அறிவிப்பைக் கொடுத்திருப்பது முக்கியம், அதுதான் உங்கள் தகுதிக்கு ஆதாரம்.

கலிபோர்னியாவில் நிலைமை வேறு. அங்கே வீட்டில் சொல்லிக்கொடுக்கும் குடும்பங்கள் பல, அக்டோபர் 1 முதல் 15க்குள் தனியார் பள்ளி உறுதிமொழியைத் தாக்கல் செய்கின்றன. அதாவது, சட்டத்தின் பார்வையில் உங்கள் வீடே ஒரு தனியார் பள்ளி. அரசுப் பள்ளியில் நீங்கள் கேட்கப்போவது உரிமையை அல்ல, உதவியை. கேட்கும் தொனியும் அதற்கேற்ப இருக்கவேண்டும். அரசு நிதியில் தனி நிர்வாகத்தோடு இயங்கும் சார்ட்டர் பள்ளியின் வீட்டுப்படிப்புத் திட்டத்தில் பிள்ளை சேர்ந்திருந்தால் கதை மாறும். அவர் அரசுப் பள்ளி மாணவர்தான், அந்தச் சார்ட்டரின் பொறுப்பாசிரியரிடமே முதலில் கேளுங்கள்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் மாநில ஹோம்ஸ்கூல் அமைப்பின் இணையதளத்தில் தொடங்கலாம். டெக்சாஸ் ஹோம் ஸ்கூல் கோலிஷன், வர்ஜீனியாவின் ஹோம் எஜுகேட்டர்ஸ் அசோசியேஷன் போன்றவை பல மாநிலங்களில் உண்டு. அங்கே படித்ததை அப்படியே நம்பாமல், சட்டப் பிரிவின் எண்ணைக் குறித்துக்கொண்டு மாநிலச் சட்டத் தளத்தில் மூலவாசகத்தையும் படித்துவிடுங்கள். கோஆர்டினேட்டருக்கு எழுதும்போது அந்த எண் கைகொடுக்கும்.

எந்தப் பாடங்கள் ஒத்துவரும்

ஏபியில் 40 பாடங்கள் வரை இருக்கின்றன. எல்லாமே வீட்டுப் பிள்ளைக்குச் சமமாகத் திறந்திருக்கவில்லை.

மே மாதம் ஒரு நாள் போய் எழுதிவிட்டு வரும் தேர்வுகளே எளிது. கால்குலஸ், புள்ளியியல், உயிரியல், வேதியியல், ஆங்கில மொழி, அமெரிக்க வரலாறு, உளவியல், இரண்டு பொருளாதாரத் தேர்வுகள் எல்லாம் இந்த வகை. பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் இவற்றை எப்படியும் நடத்தும். நூறு பேர் உட்காரும் அறையில் நூற்றியோராவது நாற்காலி போடுவது யாருக்கும் பாரமில்லை.

கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரின்சிபல்ஸ் பாடத்தில், மாணவர் எழுதும் நிரல் ஒன்றை ஏப்ரல் இறுதிக்குள் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ என்ற இணையத் தொகுப்பில் ஏற்றவேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு. ஆசிரியர் இல்லாத மாணவருக்கு அந்தப் போர்ட்ஃபோலியோவைக் கோஆர்டினேட்டர்தான் கவனிக்கவேண்டியிருக்கும் என்பதால், இதைத் தொடக்கத்திலேயே சொல்லி ஒப்புதல் வாங்கவேண்டும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை என்றால், இந்தத் தொல்லையே இல்லாத கம்ப்யூட்டர் சயன்ஸ் ஏ எடுக்கலாமே என்பது என் யோசனை. ஓவியப் பாடங்களுக்குத் தேர்வே இல்லை, முழுக்கப் போர்ட்ஃபோலியோதான்.

பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்ற மொழித் தேர்வுகளில் பேச்சைப் பதிவு செய்யவேண்டும். இசைக் கோட்பாட்டில் பாடிக் காட்டவேண்டும். அந்தப் பாடமே நடத்தாத பள்ளி, ஒரு வெளி மாணவருக்காகத் தனி அறையும் கண்காணிப்பாளரும் ஏற்பாடு செய்வது அரிது. செமினார், ரிசர்ச் என்ற இரண்டும் காலேஜ் போர்டின் கேப்ஸ்டோன் என்ற ஆய்வுத் திட்டத்தில் உள்ள பள்ளிகளுக்கு மட்டும் உரியவை. அவற்றை மறந்துவிடுங்கள்.

தமிழுக்கு ஏபி தேர்வு உண்டா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. இரண்டு மொழி தெரிந்த மாணவருக்குப் பல மாநிலங்கள் தரும் இருமொழி முத்திரை வேறு ஏற்பாடு, அதை இதோடு குழப்பிக்கொள்ளவேண்டாம்.

ஆகஸ்ட், செப்டம்பர்: பள்ளியைப் பிடிப்பது

முதலில் ஏபி கோர்ஸ் லெட்ஜர் என்ற காலேஜ் போர்டின் பட்டியலை இணையத்தில் திறவுங்கள். மாநிலம், ஊர் கொடுத்தால் எந்தப் பள்ளி எந்த ஏபி பாடத்தை அங்கீகாரத்தோடு நடத்துகிறது என்று காட்டும். உங்களுக்கு வேண்டிய பாடங்கள் உள்ள பள்ளிகளைத் தூரவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளி எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். பட்டியலில் பாடம் இல்லை என்பதாலேயே அந்தப் பள்ளியால் தேர்வு நடத்த முடியாது என்று பொருளில்லை. பாடம் நடத்தாத தேர்வையும் பள்ளி ஆர்டர் செய்ய முடியும். செய்ய மனம் வரவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து, கோஆர்டினேட்டர் யார் என்று கண்டுபிடிக்கவேண்டும். பொதுவாக அவர் ஒரு கவுன்சலராகவோ துணை முதல்வராகவோ இருப்பார்; ஏபி அவருடைய பல வேலைகளில் ஒன்று. பள்ளி இணையதளத்தின் கவுன்சலிங் பக்கத்தில் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் அலுவலகத்தை அழைத்து "ஏபி கோஆர்டினேட்டர் யார்?" என்று மட்டும் கேளுங்கள். வரவேற்பில் இருப்பவரிடம் முழுக்கதையையும் சொன்னால், "எங்கள் மாணவர்களுக்கு மட்டும்தான்" என்ற பதில் அங்கேயே வந்துவிடும். அது பள்ளியின் முடிவாக இருக்கவேண்டிய அவசியமில்லை, தொலைபேசியை எடுத்தவரின் ஊகமாக இருக்கலாம்.

எப்போது எழுதுவது? பள்ளி திறந்த முதல் வாரம் வேண்டாம். கால அட்டவணை மாற்றக் கேட்டு நிற்கும் பிள்ளைகளின் வரிசை அப்போது கவுன்சலர் அறை வாசலில் நீண்டிருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து எழுதுங்கள். செப்டம்பர் இறுதியைத் தாண்டவேண்டாம். காலேஜ் போர்டுக்குப் பள்ளி ஆர்டர் அனுப்பவேண்டிய முதன்மைக் கெடு நவம்பர் நடுப்பகுதி. ஆனால் பள்ளிகள் தங்களுக்குள் அதைவிட முன்னதாக, பெரும்பாலும் அக்டோபரில், ஒரு கெடு வைத்துக்கொள்ளும். உங்களைக் கட்டுப்படுத்துவது அந்த உள்கெடுதான்.

மின்னஞ்சல் குட்டியாக இருக்கட்டும். பிள்ளையின் பெயர், வகுப்பு, நீங்கள் குடியிருக்கும் பள்ளி எல்லை, ஹோம்ஸ்கூல் மாணவர் என்ற விவரம், எழுத விரும்பும் தேர்வுகளின் முழுப் பெயர்கள் முதல் பத்தியில் வரட்டும். கால்குலஸ் என்று மட்டும் எழுதினால் ஏபியா (AB) பிசியா (BC) என்று அவர் திரும்பக் கேட்கவேண்டிவரும். இரண்டாவது பத்தியில், "தேர்வு மட்டும் எழுதும் பிரிவு ஒன்றைத் திறந்து ஜாயின் கோட் தரமுடியுமா? உங்கள் பள்ளியின் கெடு என்ன? கண்காணிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா?" என்று மூன்று கேள்விகள். (ஜாயின் கோட் என்பது இணையத்தில் தேர்வுக்குப் பதியத் தேவைப்படும் குறியீடு.) சட்டம் உங்கள் பக்கம் இருக்கும் மாநிலம் என்றால், அந்தப் பிரிவின் எண்ணை ஒரே வரியில், மிரட்டும் தொனியில்லாமல் குறிப்பிடுங்கள். பல கோஆர்டினேட்டர்களுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்ததும் அவர்களே நிம்மதியாக ஒப்புக்கொள்வார்கள், மேலிடத்தில் கேட்டால் காட்ட ஒரு காகிதம் கிடைத்துவிட்டதல்லவா.

நம்மூர் பழக்கத்தில் சிலர் மூன்று பக்கம் எழுதுவார்கள். ஏன் ஹோம்ஸ்கூல் செய்கிறோம், பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரன், ஸ்பெல்லிங் பீயில் எத்தனையாவது இடம் என்றெல்லாம். கோஆர்டினேட்டருக்குத் தேவையானது அதில் எதுவுமில்லை. அவருக்குத் தெரியவேண்டியது எத்தனை நாற்காலி, எந்தத் தேதி, யார் பணம் கட்டுவார்கள் என்பதுதான்.

மாட்டேன் என்று சொன்னால் காரணத்தைக் கவனியுங்கள், ஏனெனில் பதில் காரணத்தைப் பொறுத்தது. இடமில்லை, கண்காணிப்பாளர் போதவில்லை என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் அதே பாடத் தேர்வைக் கண்காணிக்கக் கூடாது என்று விதி இருப்பதால், ஆள் சேர்ப்பதே அவர்களுக்குத் தலைவலி. அங்கே நன்றி சொல்லிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போங்கள். "வெளி மாணவருக்கு எப்படிப் பதிவு செய்வது என்று தெரியாது" என்றால், தேர்வு மட்டும் எழுதும் பிரிவை உருவாக்கும் வசதி அவர்களுடைய பதிவுத் தளத்திலேயே இருப்பதைச் சொல்லுங்கள். "உங்கள் பிள்ளையின் மதிப்பெண் எங்கள் பள்ளிக் கணக்கில் சேருமே" என்று தயங்கினால், ஹோம்ஸ்கூல் மாணவர் என்று தனியாகக் குறிக்க ஏற்பாடு உண்டு என்பதை எடுத்துச்சொல்லலாம். டெக்சாஸ், வர்ஜீனியா போன்ற இடங்களில் மறுத்தால் பள்ளியோடு மல்லுக்கு நிற்காமல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தின் தேர்வுப் பிரிவுக்கு எழுதுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

பதிலே வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள், பிறகு தொலைபேசி, பிறகு நேரில். அதே சமயம் பட்டியலில் உள்ள வேறு இரண்டு பள்ளிகளையும் கேட்டுவையுங்கள். உறுதியானதும் மற்றவர்களுக்கு உடனே சொல்லிவிடுவது மரியாதை. இரண்டு பள்ளிகளில் ஒரே தேர்வுக்கு ஆர்டர் போகவிட்டால், எழுதாத தேர்வுக்கும் 40 டாலர் தண்டம் அழவேண்டியிருக்கும்.

எல்லாப் பாடத்தையும் ஒரே பள்ளி நடத்தாமல் போகலாம். வெவ்வேறு பள்ளிகளில் வெவ்வேறு தேர்வு எழுதத் தடையில்லை. கூடுமானவரை ஒரே இடத்தில் முடித்தால் மே மாதத்தில் உங்கள் அலைச்சல் மிச்சம்.

அக்டோபர், நவம்பர்: கணக்கு, கோட், பணம்

கோஆர்டினேட்டர் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு ஜாயின் கோட் தருவார். பிள்ளை தன் காலேஜ் போர்டு கணக்கில் நுழைந்து, மை ஏபி பக்கத்தில் அதை இடவேண்டும். இட்டால் மட்டும் போதாது, தேர்வுக்குப் பதிவாகிவிட்டதா என்று அந்தப் பக்கத்திலேயே பார்க்கவேண்டும். சில நாள் கழித்து, ஆர்டர் போய்விட்டதா என்று கோஆர்டினேட்டரிடமும் ஒரு வரி கேட்டு உறுதிசெய்யுங்கள். அந்தப் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

கணக்கு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பிஎஸ்ஏடிக்கு ஒன்று, ஏபிக்கு ஒன்று என்று திறந்துவிட்டால் மதிப்பெண்கள் இரண்டு இடத்தில் சிதறி, கல்லூரிக்கு அனுப்பும் நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். பிள்ளைக்கு 13 வயது ஆகவில்லை என்றால் தானாகக் கணக்குத் திறக்க முடியாது, காலேஜ் போர்டின் உதவி மையத்தை அழைத்துக் கேட்கவேண்டும்.

பெயர் விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் கூடுதலாக மெனக்கெடவேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், வீட்டில் இனிஷியல் மட்டும் எழுதுவோம், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நிற்கும். தேர்வு நாளில் காட்டப்போகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, காலேஜ் போர்டு கணக்கிலும் அப்படியே இருக்கட்டும். பின்னால் காமன் ஆப்பிலும் அதே எழுத்துகள், அதே வரிசை. வாசலில் உங்கள் பிள்ளையை முகம் பார்த்து அறிந்த ஆசிரியர் யாரும் இருக்கப்போவதில்லை, அட்டைதான் பேசும்.

கட்டணத்தைக் காலேஜ் போர்டுக்கு நேராகக் கட்ட முடியாது, பள்ளிக்குத்தான் கட்டவேண்டும். 2025, 2026ஆம் ஆண்டுத் தேர்வுகளுக்கு அமெரிக்காவில் ஒன்றுக்கு 99 டாலர். கண்காணிப்புச் செலவுக்காகப் பள்ளி மேலே கொஞ்சம் சேர்க்கலாம். டெக்சாஸில் தன் மாணவருக்கு இல்லாத கூடுதல் தொகையை உங்களிடம் கேட்க முடியாது. நவம்பர் கெடுவைத் தாண்டி ஆர்டர் செய்தால் தேர்வுக்கு 40 டாலர் தாமதக் கட்டணம். மார்ச் நடுப்பகுதியோடு அந்த வாசலும் மூடிவிடும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணக் குறைப்பு உண்டு, அதற்குத் தகுதியைக் கோஆர்டினேட்டர்தான் தளத்தில் குறிக்கவேண்டும் என்பதால் கூச்சப்படாமல் முன்பே கேளுங்கள். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறப்பு வசதி வேண்டுவோர் உடனே தொடங்குங்கள்

கூடுதல் நேரம், பெரிய எழுத்து, இடைவேளை போன்ற வசதிகள் தேவைப்படும் பிள்ளைகளுக்குக் காலேஜ் போர்டு முன்கூட்டியே ஒப்புதல் தரவேண்டும். பள்ளி மாணவர்களுக்குப் பள்ளியே விண்ணப்பிக்கும். வீட்டுப் பிள்ளைக்குப் பெற்றோரே படிவத்தை நிரப்பி, மருத்துவ அல்லது உளவியல் பரிசோதனை ஆவணங்களோடு அனுப்பவேண்டும். பரிசீலனைக்கு ஏழு வாரம் வரை ஆகும். மே தேர்வுக்கான கெடு ஜனவரி நடுப்பகுதி. ஆவணம் சேர்க்கும் நாள்களையும் கூட்டிப் பார்த்தால், அக்டோபரில் அனுப்பினால்தான் நிம்மதி. ஒருமுறை கிடைத்த ஒப்புதல் எஸ்ஏடி, பிஎஸ்ஏடி தேர்வுகளுக்கும் செல்லும். தேர்வு நடத்தும் பள்ளிக்கு அந்த ஒப்புதல் கடிதத்தை நீங்கள்தான் காட்டவேண்டும், தனி அறை தேவைப்படலாம் என்பதால் இதையும் முதல் மின்னஞ்சலிலேயே குறிப்பிடுவது நல்லது.

படிப்பும் டிரான்ஸ்கிரிப்டும்

ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் அண்ட் எக்ஸாம் டிஸ்கிரிப்ஷன் என்ற தடிமனான ஆவணத்தைக் காலேஜ் போர்டு இலவசமாகத் தருகிறது. எந்த அலகுக்கு எத்தனை சதவீதம் என்பது வரை அதில் இருக்கும். பழைய ஆண்டுகளின் விரிவான விடை வினாக்கள், மதிப்பெண் வழங்கும் முறை, மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகள் எல்லாம் ஏபி சென்ட்ரல் தளத்தில் இலவசம். என்னைக் கேட்டால், கடையில் விற்கும் வழிகாட்டிப் புத்தகங்களைவிட இந்த மாதிரி விடைகளே மேல். ஆறுக்கு மூன்று வாங்கிய விடையையும் ஆறுக்கு ஆறு வாங்கிய விடையையும் அருகருகே வைத்துப் படித்தால், திருத்துபவர் எதைத் தேடுகிறார் என்று பிள்ளைக்கே விளங்கிவிடும். கான் அகாடமியில் கால்குலஸ், உயிரியல், அமெரிக்க வரலாறு உட்படப் பல பாடங்கள் முழுமையாக இருக்கின்றன.

அறிவியல் எடுப்பவர்கள் ஆய்வகக் குறிப்பேட்டைத் தூக்கிப்போடவேண்டாம். ஏபி மதிப்பெண்ணுக்கு கிரெடிட் (அந்தக் கல்லூரிப் பாடத்தை முடித்ததாக ஏற்பது) தருமுன் அதைப் பார்க்கக் கேட்கும் கல்லூரிகள் உண்டு.

டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயருக்கு முன்னால் 'ஏபி' என்று போடலாமா? காலேஜ் போர்டின் கோர்ஸ் ஆடிட் எனும் பரிசீலனையில் பாடத்திட்டம் ஏற்கப்பட்டிருந்தால்தான் போடலாம். பெயர் அவர்களுடைய வணிகச் சின்னம். ஹோம்ஸ்கூல் பெற்றோரும் தங்கள் பாடத்திட்டத்தை அந்த ஆடிட்டுக்கு அனுப்பி அங்கீகாரம் வாங்க முடியும். அந்த உழைப்பு வேண்டாம் என்றால், 'கால்குலஸ், ஆனர்ஸ்' என்று எழுதிவிட்டு, ஏபி தேர்வு மதிப்பெண்ணைத் தனி வரியில் குறிப்பிடுங்கள். கல்லூரிக்குச் செய்தி போய்ச்சேர்ந்துவிடும்.

மார்ச், ஏப்ரல்: மடிக்கணினி

2025 மே முதல் 28 ஏபி தேர்வுகள் காகிதத்திலிருந்து புளூபுக் என்ற காலேஜ் போர்டின் தேர்வுச் செயலிக்கு மாறிவிட்டன. அவற்றில் 16 தேர்வுகள் முழுக்கக் கணினியில். ஆங்கிலம், வரலாறு, உளவியல், கம்ப்யூட்டர் சயன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். கால்குலஸ், புள்ளியியல், இயற்பியல், வேதியியல், உயிரியல், பொருளாதாரம் முதலான 12 தேர்வுகள் கலப்பு முறை. பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்குக் கணினியிலேயே பதில்; விரிவான வினாவைத் திரையில் படித்து, தாளில் கையால் எழுதவேண்டும்.

பள்ளி மாணவர்களுக்குப் பள்ளியே கணினி கொடுத்திருக்கும். உங்கள் பிள்ளைக்குக் கிடைக்குமா, வீட்டிலிருந்து கொண்டுவரவேண்டுமா என்று மார்ச்சிலேயே கேளுங்கள். விண்டோஸ், மேக், ஐபேட் எதுவானாலும் சொந்தமாகக் கொண்டுபோகலாம். குரோம்புக் மட்டும் பள்ளி நிர்வகிக்கும் கருவியாக இருக்கவேண்டும், வீட்டு குரோம்புக் உதவாது. அப்பாவின் அலுவலக மடிக்கணினியைக் கொடுத்தனுப்பும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் புளூபுக்கை நிறுவவே விடாமல் போகலாம்.

பலரும் மறக்கும் ஒன்று வைஃபை. பள்ளியின் வலையில் வெளிக் கணினி இணைய அனுமதி வேண்டும். தேர்வைத் தொடங்கவும் முடிவில் விடையை அனுப்பவும் இணையம் தேவை. நடுவில் அறுந்தால் பாதகமில்லை, செயலி விடைகளைச் சேமித்துக்கொண்டே இருக்கும். விருந்தினர் வலையின் கடவுச்சொல் யாரிடம் கிடைக்கும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தேர்வுக்குச் சில நாள் முன்னால் புளூபுக்கில் செய்யவேண்டிய முன்னேற்பாட்டை வீட்டிலேயே முடித்து, மாதிரித் தேர்வு ஒன்றையும் எழுதிப்பார்க்கச் சொல்லுங்கள்.

மே: தேர்வு நாள்

தேர்வுகள் மே மாதத்தின் முதல் இரண்டு முழு வாரங்களில் நடக்கும். காலைத் தேர்வு 8 மணி, மதியத் தேர்வு 12 மணி. ஆனால் பள்ளி வாசலில் 7.15க்கே இருக்கச் சொல்கிறேன். அந்த நேரத்தில் பேருந்துகளும் பெற்றோர் கார்களும் ஒன்றாக வந்து குவியும். பார்வையாளர் முன்வாசலில் அடையாளம் காட்டி ஒட்டுவில்லை வாங்கித்தான் உள்ளே போகவேண்டியிருக்கும். தேர்வு அறை நூலகமா, ஜிம்மா, பக்கத்துத் தேவாலயக் கூடமா என்பதை முந்தைய வாரமே கேட்டு, முடிந்தால் பிள்ளையை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள்.

புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். பாஸ்போர்ட், மாநில அடையாள அட்டை, ஓட்டுநர் பழகுரிமம் ஏதேனும் ஒன்று. எதுவும் இல்லையென்றால் ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி அலுவலகத்தில் மாநில அட்டைக்கு மார்ச்சில் விண்ணப்பியுங்கள். பென்சில், கறுப்பு அல்லது கருநீலப் பேனா, அனுமதிக்கப்பட்ட கால்குலேட்டர், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய கணினி, சார்ஜர். கைப்பேசியும் ஸ்மார்ட் வாட்ச்சும் காரிலேயே இருக்கட்டும். அறைக்குள் மணியடித்தால் அந்தத் தேர்வே ரத்தாகலாம். இடைவேளைக்குக் கொஞ்சம் தின்பண்டமும் தண்ணீரும் பையில் இருக்கலாம்.

வீட்டில் மேசையில் தனியாகவே எழுதிப் பழகிய பிள்ளைக்கு, இருமல் சத்தமும் நாற்காலி இழுபடும் ஓசையும் நிறைந்த கூடம் புதிது. ஏப்ரலில் இரண்டு மாதிரித் தேர்வையாவது பொது நூலகத்தில், கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தாலோ, இரண்டு தேர்வு ஒரே நேரத்தில் மோதினாலோ, அடுத்த வாரத்தில் தாமதத் தேர்வு உண்டு. கோஆர்டினேட்டர் அதைத் தனியாக ஆர்டர் செய்யவேண்டும். சில காரணங்களுக்கு இலவசம், மற்றவற்றுக்குக் கூடுதல் கட்டணம். அன்று காலையிலேயே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஜூன், ஜூலை: மதிப்பெண்ணை என்ன செய்வது

மதிப்பெண் ஜூலையில் பிள்ளையின் கணக்குக்கு வரும். ஜூன் 20க்குள் ஒரு கல்லூரியைக் குறித்தால் அதற்கு இலவசமாக அனுப்புவார்கள். பிறகு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் 15 டாலர். கடைசி ஆண்டில் இல்லாத பிள்ளைகள் அவசரப்படவேண்டாம். விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைத் தாமே எழுதிக்கொள்ளலாம், சேரும் கல்லூரிக்கு மட்டும் முறைப்படி அனுப்பினால் பெரும்பாலும் போதும்.

கிரெடிட் கிடைக்குமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. இல்லினாய்ஸில் அரசுப் பல்கலைக்கழகங்கள் 3க்கே கிரெடிட் தரவேண்டும் என்று சட்டம். கலிபோர்னியா பல்கலைக்கழகமும் 3 முதல் தரும். எம்ஐடி கால்குலஸ் பிசியில் 5 எடுத்தால் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் கொடுக்கும், வேதியியலில் 5 எடுத்தாலும் கொடுக்காது. பிள்ளை போக நினைக்கும் நான்கைந்து கல்லூரிகளின் பெயரைக் காலேஜ் போர்டின் ஏபி கிரெடிட் தேடலில் போட்டுப் பாருங்கள். இதைத் தேர்வுக்குப் பிறகு பார்ப்பதைவிட, எந்தப் பாடம் எடுப்பது என்று முடிவுசெய்யும் ஆகஸ்டிலேயே பார்த்தால் 99 டாலரும் ஒரு வருட உழைப்பும் எங்கே போகவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கால்குலஸ் பிசி எழுதினால் அதற்குள்ளேயே கால்குலஸ் ஏபி (AB) பகுதிக்குத் தனியாக ஒரு துணை மதிப்பெண் வரும். பிசியில் சறுக்கினாலும் அது கைகொடுக்கலாம், தயங்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

மதிப்பெண் வந்ததும் கோஆர்டினேட்டருக்கு இரண்டு வரி நன்றி எழுதி, அடுத்த ஆண்டு எந்தெந்தத் தேர்வு என்று தெரிந்திருந்தால் அதையும் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். ஆகஸ்டில் அவர் பட்டியல் போடும்போது உங்கள் பிள்ளையின் பெயர் அதில் ஏற்கெனவே இருக்கும்.